உவர்க்காற்றும் பழங்கணினிகளும்: தூத்துக்குடிக் கரையில் சேகரிப்பும் செப்பனிடலும்

வினாவின் எல்லை

பழங்கணினி என்னும் பெயர் இக்கட்டுரையில், 1970களின் இறுதி முதல் 1990களின் இறுதிவரை விற்பனைக்கு வந்து, இன்று உதிரிபாகமோ நிறுவனப் பராமரிப்போ கிடைக்காத தனிநபர் கணினிகளையும், அவற்றோடு சேர்ந்து இயங்கிய திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி, நெகிழ்வட்டு இயக்கி ஆகிய துணைக்கருவிகளையும் குறிக்கிறது. இவற்றைத் தேடிச் சேர்ப்பதும் பழுது நீக்கி மீண்டும் இயங்கவைப்பதும் மேலைநாடுகளில் தனித்துறையாகவே வளர்ந்துள்ளன. அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆதரவில் 1979இல் தொடங்கிய கணினி அருங்காட்சியகத்தின் சேகரிப்பே, பின்னாளில் கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் எழுந்த கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அடித்தளமாயிற்று. 1997இல் கலிபோர்னியாவில் பழங்கணினி ஆர்வலர்களின் திருவிழா ஒன்று தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவியது. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகமோ பழைய எந்திரங்களை இயங்குநிலையிலேயே பார்வைக்கு வைத்துள்ளது.

இத்துறையின் நூல்களும் வழிமுறைகளும் பெரும்பாலும் குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில், பழைய பொருளை வீட்டு நிலவறையில் போட்டுவைக்க இடம் உள்ள சமூகங்களில் உருவானவை. வெப்பமும் ஈரமும் உப்பும் கலந்த காற்று வீசுகிற, பழைய பொருள் எதுவும் வீட்டில் தங்காமல் எடைக்குப் போய்விடுகிற தூத்துக்குடி போன்ற ஒரு துறைமுக நகரத்தில் அவை எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்கது. எந்த எந்திரங்கள் காக்கத்தக்கவை, அவற்றை இக்கரையின் காற்றில் எவ்வாறு செப்பனிட்டு வைப்பது, அவ்வாறு காப்பதால் விளையும் பயன் என்ன என்ற மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் வினாவுக்குக் கிடைக்கும் விடையே முதலிரண்டையும் தீர்மானிக்கிறது என்பதும், உலகச் சந்தையில் விலைபோகும் எந்திரத்தைவிட இங்கே உழைத்த எந்திரமும் அதில் எழுதப்பட்ட தமிழ்க் கோப்புகளுமே முதலில் காக்கப்பட வேண்டியவை என்பதும் இதன் முடிவு.

நாட்டுக் கணினிகளின் தலைமுறை

1976ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனமும், ஆகஸ்டில் இந்தியாவில் இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் எனப்பட்ட எச்சிஎல் நிறுவனமும் தொடங்கப்பட்டன. எச்சிஎல்லை நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய சிவ நாடார் 1945இல் பிறந்த மூலைப்பொழி, திருச்செந்தூரை ஒட்டி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்த சிற்றூர். ஆப்பிள் நிறுவனத்தின் முதற்கணினியான ‘ஆப்பிள்-1’ ஏறத்தாழ 200 எண்ணிக்கையில் செய்யப்பட்டு, ஒன்று 666.66 டாலருக்கு விற்கப்பட்டது. அவற்றுள் ஒன்றை 2014 அக்டோபரில் பான்ஹாம்ஸ் ஏல நிறுவனத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலர் கொடுத்து வாங்கியது. எச்சிஎல் 1978இல் வெளியிட்ட ‘8சி’ நுண்கணினிக்கு அத்தகைய ஏலமோ ஏக்கமோ ஏற்படவில்லை. வரலாற்று மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்றாகச் செல்வதில்லை என்பதற்கு ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு நிறுவனங்களின் முதற்பிள்ளைகளே போதிய சான்று.

அயல்நாட்டு நிறுவனங்களின் பங்குரிமையைக் கட்டுப்படுத்திய 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு இசைய மறுத்து ஐபிஎம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியபோது, அவ்விடத்தை எச்சிஎல், டிசிஎம் டேட்டா ப்ராடக்ட்ஸ், விப்ரோ, பொதுத்துறையைச் சேர்ந்த இசிஐஎல் போன்ற நிறுவனங்கள் நிரப்பத் தொடங்கின. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் தீர்வையையும் தளர்த்தியதால், ஐபிஎம் பிசியை ஒத்த கணினிகளை உதிரிபாகங்களாகத் தருவித்துப் பூட்டி விற்கும் தொழில் பெருகியது. சென்னையில் சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் குறைந்த விலையில் விற்ற ‘சிவா பிசி’ இத்தலைமுறையைச் சேர்ந்தது. எச்சிஎல்லின் ‘பிசிபீ’யும் அவ்வாறே.

பள்ளிகளுக்குக் கணினி சென்றதும் அதே காலத்தில்தான். 1984–85இல் நடுவண் அரசு 250 பள்ளிகளில் தொடங்கிய ‘கிளாஸ்’ எனப்படும் கணினிக் கல்வித் திட்டத்துக்கு, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோ தேர்ந்தெடுக்கப்பட்டது. நொடிக்கு 20 லட்சம் துடிப்பில் இயங்கும் 6502 செயலியும் 32 கிலோபைட் நினைவகமும் கொண்ட அக்கணினி, மொகாலியில் இருந்த பொதுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் வழியாக ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கே வழங்கியது. புணேயின் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ், இங்கிலாந்தின் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் வீட்டுக்கணினியை ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்று உரிமம் பெற்று விற்றது. அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று ஆர்வத்தோடு தேடுகிற இந்திய எந்திரங்கள் பெரும்பாலும் இவ்விரண்டே. அவர்கள் ஏற்கெனவே அறிந்த எந்திரங்களின் இந்திய வடிவங்கள் என்பதே அதற்குக் காரணம்.

அலுவலகங்களில் உழைத்தவை இவ்வளவு கவனம் பெறவில்லை. 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியைச் சார்ந்து வளர்ந்த கப்பல் முகவாண்மை, சுங்கத் தீர்வு முகவாண்மை, கிடங்கு, உப்பு ஏற்றுமதி ஆகிய தொழில்களில் ஒரே ஆவணத்துக்குப் பல படிகள் தேவைப்படும். மைநாடாவைச் சிறு ஊசிகளால் அடித்துப் புள்ளிகளாக எழுத்தை உருவாக்கும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி ஒரே அடியில் கார்பன் படிகளையும் எடுத்துத் தருவதால், லேசர் அச்சுப்பொறி மலிந்த பின்னரும் அத்தகைய தொழில்களில் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் செய்த அச்சுப்பொறிகளும், ஒவ்வொரு விசைக்கும் தனி இயந்திரச் சுவிட்சு பொருத்திய ‘டிவிஎஸ் கோல்டு’ விசைப்பலகையும் தமிழ்நாட்டின் டைப்பிங் மையம் முதல் அரசு அலுவலகம்வரை எங்கும் இருந்தன. டிவிஎஸ் கோல்டில் உள்ள செர்ரி நிறுவனத்தின் நீலநிறச் சுவிட்சுகளை இன்றைய விசைப்பலகை ஆர்வலர்கள் தேடி வாங்குவது, அன்றாடப் பொருளின் மதிப்பு காலந்தாழ்ந்தே உணரப்படுகிறது என்பதைக் காட்டும்.

எஞ்சாமைக்குக் காரணம்

பழங்கணினிகள் இந்தியாவில் அரிதாக இருப்பதற்கு அவை குறைவாக விற்கப்பட்டது ஒரு காரணம் என்றாலும், அதனினும் பெரிய காரணம் அவை கடைசிவரை பயன்படுத்தப்பட்டதே. ஓர் அலுவலகம் கைவிட்ட கணினி ஒரு சிறுகடைக்கும், அங்கிருந்து ஒரு தட்டச்சுப் பயிலகத்துக்கும், பின்னர் உதிரிபாகத்துக்காக ஒரு மெக்கானிக்கிடமும் சென்று, எஞ்சிய தகரமும் பிளாஸ்டிக்கும் காயலான் கடையில் எடைக்கு விழும். இச்சங்கிலியில் எந்தக் கட்டத்திலும் பொருள் வீணாவதில்லை. ஆனால் எந்தக் கட்டத்திலும் எந்திரம் முழுதாக எஞ்சுவதுமில்லை. செயலிகளின் கால்களிலும் செருகுமுனைகளிலும் பூசப்பட்ட தங்கம் இவ்வழிவை விரைவுபடுத்தியது. செராமிக் உறையில் வந்த 486 போன்ற பழைய செயலிகளில் தங்கம் கூடுதலாக இருப்பதால், சேகரிப்பாளர் தேடும் அதே பாகத்தையே அமிலத்தில் கரைத்துத் தங்கம் எடுப்பவரும் தேடுகிறார்.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதே வரலாறு மறுபடி நிகழ்வதைக் கண்முன் காட்டுகிறது. நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ என்னும் இந்திய இயக்குதளத்துடன் வழங்கப்பட்ட அம்மடிக்கணினிகள் பல லட்சம் குடும்பங்களுக்கு முதற்கணினியாக அமைந்தன. கடலோர ஊர்களில் மீனவர் வீடுகளிலும் உப்பளத் தொழிலாளர் வீடுகளிலும் கணினி நுழைந்தது இத்திட்டத்தால்தான் என்று சொல்வது மிகையாகாது. இன்று அவை மின்கலம் உப்பியும் கீல் ஒடிந்தும் பழைய பொருள் கடைகளில் குவிகின்றன. மிகப் பரவலாக இருந்த பொருளை யாரும் எடுத்துவைப்பதில்லை என்ற வழக்கம் தொடர்ந்தால், 1980களின் பிசிபீக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேரும்.

கடற்கரைக் காற்றின் வேலை

தூத்துக்குடி மாவட்டம் தமிழ்நாட்டின் உப்பு உற்பத்தியில் முதலிடம் வகிப்பதற்கு ஏதுவான வெயிலும் காற்றும் கடல்நீருமே மின்னணுப் பலகைகளுக்கு முதற்பகை. கடலிலிருந்தும் உப்பளங்களிலிருந்தும் காற்றில் கலந்து வரும் நுண்ணிய உப்புத்துகள், கணினியைக் குளிர்விக்கும் விசிறியால் உள்ளே இழுக்கப்பட்டுப் பலகையின்மேல் தூசியோடு படிகிறது. உலர்ந்த உப்பு பெருந்தீங்கு செய்வதில்லை. அது காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தானே கரையும்போதுதான் அரிப்பு தொடங்குகிறது. சோடியம் குளோரைடு இவ்வாறு கரையத் தொடங்குவது காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தொடும்போது. ஆனால் கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே நீரை ஈர்த்துக்கொள்ளும். ஆகவே கரையோர வீட்டில் மூடிவைத்த கணினியின் பலகையில், கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் நாட்களிலும், மெல்லிய உவர்நீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும்.

அப்படலத்தில் மின்னோட்டம் செல்லும்போது அருகருகே உள்ள செம்புத் தடங்களுக்கிடையே உலோக அயனிகள் நகர்ந்து, மரக்கிளை போன்ற நுண்கம்பிகளாக வளர்ந்து குறுக்கிணைப்பை உண்டாக்குகின்றன. இரும்பாலான திருகும் பெட்டியும் துருப்பிடிக்கும். நெகிழ்வட்டு இயக்கியின் உருள்தண்டு இறுகும். ஐசி எனப்படும் ஒருங்கிணைந்த சுற்றைத் தாங்கும் சாக்கெட்டின் வெள்ளீயம் பூசிய கால்களில் பச்சை படர்ந்து தொடர்பு விட்டுவிட்டு ஏற்படும். ஐசிகளைச் சாக்கெட்டிலிருந்து மெல்ல நெம்பி எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்துவதாலேயே பல எந்திரங்கள் உயிர்பெறுவது இதனால்தான்.

உப்போடு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடி நகரமும் தாமிரபரணிக் கரையூர்களும் பல நாள் நீரில் நின்றன. நீரில் மூழ்கிய மின்கருவி உடனே அழிந்துவிடுவதில்லை. ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பதே அதை அழிக்கிறது. மின்கலத்தைக் கழற்றி, சேறு காய்வதற்குள் நல்ல நீரிலும் பின்னர் வாலை வடிநீரிலும் கழுவி, பல நாள் நிழலில் உலர்த்தினால் பலகையைப் பெரும்பாலும் மீட்கலாம். இச்சிறு செய்தி பரவலாகத் தெரிந்திருந்தால் எடைக்குப் போகாமல் தப்பக்கூடியவை பல.

பட்டறையில்: மூன்று பழுதுகள்

செப்பனிடும் பணியில் அடிக்கடி எதிர்ப்படும் பழுதுகளுள் மூன்றை விரிவாக நோக்கலாம். முதலாவது மின்கலக் கசிவு. 286, 386, 486 செயலிகளைக் கொண்ட மதர்போர்டுகளில், கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைப்பதற்காக, உருளை வடிவில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்ல அதிலுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் கசிந்து, செம்புத் தடங்களின் வழியே ஊர்ந்து, பச்சையும் நீலமுமாகப் படிகிறது. மின்கலம் பெரும்பாலும் விசைப்பலகைச் செருகுவாய்க்கு அருகில் அமைந்திருப்பதால், எல்லாம் சரியாக இருந்தும் விசைப்பலகை மட்டும் இயங்காத கணினிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இதற்குரிய முறை வரிசை தவறாமல் செய்யப்பட வேண்டும். மின்கலத்தை வெட்டி அகற்றிய பின், நீர்த்த வினிகரை, அது இல்லாவிடில் எலுமிச்சைச் சாற்றை, பஞ்சுக் குச்சியால் தடவினால் காரம் நுரைத்துச் செயலிழக்கும். வாலை வடிநீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை வெளியேற்றி, நன்கு உலர்த்த வேண்டும். அதன் பின்னரே கருத்துப்போன தடங்களின் மேற்பூச்சைக் கூரிய கத்தியால் மெல்லச் சுரண்டி, மல்டிமீட்டரால் ஒவ்வொரு தடத்தின் தொடர்ச்சியையும் சோதித்து, அறுந்த இடத்தில் மெல்லிய கம்பியைப் பற்றவைக்கலாம். பழைய பலகைகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த, ஏறத்தாழ 183 பாகை செல்சியசில் உருகும் பற்றாசால் செய்யப்பட்டவை. கூடுதல் வெப்பம் வேண்டும் ஈயமற்ற பற்றாசை அவற்றில் பயன்படுத்தினால், நாட்பட்டுத் தளர்ந்த தடம் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும்.

இரண்டாவது பழுது மின்வழங்கியில் நேர்வது. பிபிசி மைக்ரோவிலும் அதன் காலத்து எந்திரங்கள் பலவற்றிலும், மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக ரிஃபா நிறுவனத்தின் காகிதக் கெப்பாசிட்டர்கள் நேரடியாக மின்வரவின் குறுக்கே வைக்கப்பட்டன. அவற்றின் ஒளியூடுருவும் உறையில் காலப்போக்கில் மயிரிழை வெடிப்புகள் தோன்றி ஈரம் உள்ளே இறங்கும். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் அது வெடித்து அறை முழுதும் புகை பரவும். கடற்கரை ஈரம் இதை விரைவுபடுத்துவதால், இங்கே கிடைக்கும் எந்த எந்திரத்துக்கும் இக்கெப்பாசிட்டரை மாற்றாமல் மின்னிணைப்புக் கொடுப்பது தவறு. வானொலி, தொலைக்காட்சி மெக்கானிக்குகள் வழக்கமாகக் கையாளும் ‘சீரிஸ் லாம்ப்’ முறை இங்கும் கைகொடுக்கும். 60 அல்லது 100 வாட் இழை விளக்கைத் தொடரிணைப்பில் வைத்துக் கருவிக்கு மின்சாரம் கொடுத்தால், உள்ளே குறுக்கிணைப்பு இருக்கும்போது விளக்கு முழு ஒளியில் எரியும், கருவி தப்பிவிடும். மேலைநாட்டு ஆர்வலர்கள் தனியே கற்றுக்கொள்ளும் இவ்வுத்தியைத் தமிழ்நாட்டின் எந்தப் பழுதுநீக்கும் கடையிலும் காணலாம்.

மூன்றாவது, தோற்றத்தைப் பற்றியது. கணினிப் பெட்டிகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலாலும் வெப்பத்தாலும் மஞ்சளாகிறது. தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும், பிளாஸ்டிக்கின் ரப்பர்ப்பகுதி காற்றோடு வினைபுரிவதும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. 2008 வாக்கில் பரவிய ‘ரெட்ரோபிரைட்’ முறையில் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைத்தால் வெண்மை மீளும். தென்கோடி வெயிலில் இவ்வினை விரைந்து நடக்கும்; அவ்வளவு விரைவாகவே திட்டுத்திட்டாக வெளிறவும் பிளாஸ்டிக் நொறுங்கவும் கூடும். மஞ்சள் மீண்டும் திரும்புவதும் உண்டு என்பதால், காப்பக நோக்கில் இதைத் தவிர்ப்பதே நன்று.

இம்மூன்றுக்கும் அப்பாற்பட்ட ஓர் எச்சரிக்கையும் உண்டு. கண்ணாடிக் குழாய்த் திரையினுள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் அணைத்த பின்னும் தங்கியிருக்கக்கூடும். முறைப்படி அதை இறக்கத் தெரியாதவர் திரையின் பின்மூடியைக் கழற்றலாகாது.

எது மூலம், எது மாற்று

செப்பனிடலைப் பற்றிய கருத்து வேறுபாடுகளை மூன்று நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம். எந்திரம் இயங்கினால்தான் அது கணினி, ஆகவே பழுதான பாகங்களைப் புதியனவற்றால் மாற்றலாம் என்பது முதல் நிலைப்பாடு. பிளெட்ச்லி பார்க் போன்ற இடங்கள் இதன் பக்கம் சாய்கின்றன. மாற்றப்படும் ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு சான்று அழிகிறது, ஆகவே அரிப்பை நிறுத்துவதோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது அருங்காட்சியகத் துறையின் நெடுநாள் நெறியை ஒட்டிய இரண்டாம் நிலைப்பாடு. பழைய எந்திரத்தின் செயலை இன்றைய கணினியில் மென்பொருளால் அப்படியே நிகழ்த்திக்காட்டும் ‘எமுலேட்டர்’ இருக்கும்போது எந்திரத்தின் உடலே தேவையில்லை என்பது மூன்றாவது. டாஸ் இயக்குதளத்துக்கு உரிய மென்பொருள்களை இயக்கும் ‘டாஸ்பாக்ஸ்’ 2002 முதல் கிடைத்துவரும் நிலையில், இம்மூன்றாம் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்திய நிலையில் இவ்வாதங்களின் எடை மாறுகிறது. பழுதுநீக்குவோரின் வழிவழியான ஒட்டுப்போடல்களே இங்குள்ள எந்திரங்களின் உண்மையான வரலாறு. எச்சிஎல் பெட்டிக்குள் தைவான் மதர்போர்டும், வேறொரு நிறுவன மின்வழங்கியும், சென்னை ரிச்சி தெருவின் மின்னணுச் சந்தையில் வாங்கிய நினைவகமும் இருக்குமானால், அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவது அதன் வாழ்க்கையை அழிப்பதாகவே முடியும். ஒவ்வொரு மாற்றத்தையும் படமெடுத்துக் குறித்துக்கொண்டு, மீண்டும் பிரிக்கக்கூடிய வகையில் மட்டும் புதிய பாகத்தைச் சேர்ப்பதே பொருத்தமான நடுவழி. எமுலேட்டரைப் பொறுத்தவரை, அது கோப்பு கையில் கிடைத்த பின்னரே பயன்படும்; கோப்பை நெகிழ்வட்டிலிருந்து எடுப்பதற்கு உடலுள்ள எந்திரம் ஒன்று வேண்டும். தமிழ்க் கோப்புகளில் இச்சிக்கல் மேலும் ஆழமானது.

நெகிழ்வட்டில் உறையும் தமிழ்

5.25 அங்குல நெகிழ்வட்டு ஒன்றில், இருபுறமும் 40 தடங்கள், தடத்துக்கு 9 பகுதிகள், பகுதிக்கு 512 பைட் என்ற கணக்கில் 360 கிலோபைட் அடங்கும். ஒரு சிறு நாவலின் தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். 1990களில் ஊர்தோறும் தோன்றிய, கணினியில் அச்சுக்கோக்கும் டிடிபி மையங்களில், திருமண அழைப்பிதழ் முதல் மாதா கோயில் திருவிழா அறிவிப்பு, சங்க மலர், தொழிற்சங்கத் துண்டறிக்கை, உள்ளூர் எழுத்தாளரின் முதல் நூல்வரை தட்டச்சு செய்து இத்தகைய வட்டுகளில்தான் சேமிக்கப்பட்டன. அச்சிட்ட தாள் எஞ்சாதபோது வட்டே ஒரே மூலமாகிறது.

வட்டின் காந்தப் பரப்பில் ஈரப்பதத்தால் வெண்பூசணம் படர்வது கடலோரத்தில் மிக இயல்பு. அதை அப்படியே இயக்கியில் செருகினால், பூசணம் படிப்புமுனையில் ஒட்டி, அந்த வட்டை மட்டுமின்றி அடுத்து வரும் வட்டுகளையும் கீறிவிடும். உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் தகட்டை வெளியே எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, வேறோர் உறையிலிட்டுப் படிப்பதே முறை. ‘கிரையோஃப்ளக்ஸ்’, ‘கிரீஸ்வீசில்’ போன்ற கருவிகள், வட்டில் உள்ள பைட்டுகளை அல்லாமல் காந்தப்புலம் மாறும் கணங்களையே நேரங்குறித்துப் பதிவுசெய்கின்றன. இதனால் சிதைந்த பகுதிகளையும் பின்னர் பொறுமையாக ஆராய்ந்து மீட்க முடிகிறது.

பைட்டுகள் கிடைத்தாலும் தமிழ் உடனே தெரிந்துவிடாது. கனடாவில் கி. சீனிவாசன் 1984இல் உருவாக்கிய ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய ‘முரசு’, லோசான் நகரில் கு. கல்யாணசுந்தரம் ஆக்கிய ‘மயிலை’, இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் வழங்கிய ‘பாமினி’, தமிழ்நாட்டு அலுவலகங்களில் பரவிய ‘வானவில்’ என ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியேற்றத்தைக் கொண்டிருந்தன. அதாவது, எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற அட்டவணை ஒவ்வொன்றிலும் வேறு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு விசைப்பலகையையும் ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்களையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் பழைய கோப்புகள் பழைய அட்டவணையிலேயே நின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். மேலும், எழுத்துருவை நம்பிய அம்முறைகளில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணில் படும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் அகரமேறிய மெய்யைத் தொடர்ந்தே உயிர்க்குறி வரும். ஆகவே மாற்றும் நிரல், எண்களைப் பெயர்ப்பதோடு வரிசையையும் திருத்தியமைக்க வேண்டும்.

வன்பொருளே மொழியைத் தாங்கிய நிலையும் இருந்தது. கான்பூர் ஐஐடியில் முளைத்து, 1988இல் தொடங்கிய சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட் கார்டு’ கணினியின் விரிவாக்கப் பள்ளத்தில் செருகப்படும் ஒரு பலகை. அது ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலும் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைத் தோன்றச் செய்தது. அது சார்ந்த ‘இஸ்கி’ குறியேற்றத்தில் பிராமி வழிவந்த இந்திய எழுத்துகளுக்கு ஒரே எண்வரிசை என்பதால், எந்த எழுத்து தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது என்று தெரியாவிடில் தமிழ்க் கோப்பு தேவநாகரியாகத் தோன்றக்கூடும். வேறு சில தமிழ் வெளியீட்டு மென்பொருள்கள், கள்ளப்படியைத் தடுக்க ‘டாங்கிள்’ என்னும் பூட்டுக்கருவி அச்சுப்பொறி வாயில் செருகப்பட்டிருந்தால் மட்டுமே திறந்தன. காயலான் கடைக்குப் போகும் கணினியின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தீப்பெட்டி அளவுக் கருவி தொலைந்தால், கோப்பு இருந்தும் பயனில்லை. எமுலேட்டர் ஒன்றே போதும் என்ற வாதம் இவ்விடத்தில்தான் தளர்கிறது.

இம்முயற்சி பயன்தரும் என்பதற்கு மதுரைத் திட்டம் ஒரு சான்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அத்தன்னார்வ மின்னூல் திட்டம், அக்காலக் குறியேற்றங்களில் உள்ளிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியதால்தான் அவை இன்று எந்தக் கைபேசியிலும் திறக்கின்றன. ஆர்வலர்கள் கவனித்த கோப்புகள் தப்பின. கவனிப்பாரற்ற கடைகளின் வட்டுகள் அவ்வாறில்லை.

சட்டமும் சேகரிப்பின் வரிசையும்

மின்கழிவு மேலாண்மைக்கென நாட்டில் 2011இலும் 2016இலும் இயற்றப்பட்ட விதிகளுக்கு மாற்றாக, 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பெருமளவில் பயன்படுத்தும் அலுவலகங்கள் தம் மின்கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஈயமும் காட்மியமும் நிலத்தடி நீரில் கலவாமல் தடுக்க இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. ஆயினும் இப்பட்டியலில் காப்பகங்கள் இடம்பெறாததால், ஒழுங்காகக் கழிக்கப்படும் அரசு அலுவலகக் கணினி ஒழுங்காகவே நொறுக்கப்படுகிறது. கழிப்பதற்கு முன் வகைக்கு ஒன்றாகக் கல்லூரிக்கோ அருங்காட்சியகத்துக்கோ ஒதுக்க ஒரு சிறு விதிவிலக்குப் போதுமானது. பழைய வட்டுகளில் தனிநபர் விவரங்களும் வணிகக் கணக்குகளும் இருக்கும் என்பதால், உரியவரின் இசைவின்றி உள்ளடக்கத்தை வெளியிடாமை சேகரிப்பாளரின் முதற்கடமையும் ஆகும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு இக்கரையின் முத்துக்குளிப்பு நிர்வாகமே ஒரு முன்மாதிரி. கடைசியாக 1961இல் நடந்த அத்தொழிலில், பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்து மதிப்பிட்ட பின்னரே அரசு குளிப்பை அறிவிக்கும். அதுபோல, எந்திரங்களை வாங்கிக் குவிப்பதற்கு முன், நகரின் பழைய டிடிபி மையங்கள், கப்பல் முகவர் அலுவலகங்கள், பள்ளிகள், பங்குக் கோயில்கள் ஆகியவற்றில் என்னென்ன எஞ்சியுள்ளன என்று பட்டியலிடுவதே முதற்பணி. தூத்துக்குடியின் கல்லூரிகளுள் ஒன்று ஈரங்குறைத்த ஓர் அறையையும், இரு அளவு நெகிழ்வட்டு இயக்கிகளையும், காந்தத் தடம் படிக்கும் ஒரு கருவியையும், பற்றாசு வேலை தெரிந்த ஒருவரையும் ஏற்பாடு செய்தால் இப்பணி தொடங்கிவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு புதிய கணினி ஆய்வகத்தின் செலவில் சிறுபங்கே.

பணியின் வரிசையை அழிவின் வேகம் தீர்மானிக்கிறது. பூசணம் பிடிக்கும் வட்டே முதலில் அழிவதால், அதைப் படித்து யூனிகோடுக்கு மாற்றுவது முதலில் வர வேண்டும். டாங்கிள், எழுத்துரு வட்டு, கையேடு, விசைப்பலகை ஆகியவற்றை எந்திரத்தோடு பிரியாமல் வைப்பது அடுத்தது. மின்கலத்தையும் ரிஃபா கெப்பாசிட்டரையும் உடனே அகற்றி அரிப்பை நிறுத்துவது மூன்றாவது. எந்திரத்தை மீண்டும் ஓடச்செய்வதும் பெட்டியைப் பளபளப்பாக்குவதும் இவை முடிந்த பின்னர் செய்தாலும் தாழ்வில்லை. மேலைநாட்டுச் சேகரிப்பு வழக்கம் பெரும்பாலும் கடைசிப் பணியிலிருந்தே தொடங்குகிறது. உவர்க்காற்று வீசும் இக்கரைக்கு அந்த வரிசை பொருந்தாது.